ஐம்பத்தாறாம் கட்டத்துப் பாம்பு

ஆபரேட்டர் சாரின் உள்ளங்கையில் இருந்த போன் "நான்கு" என்று சொன்னது. பெண் குரல். ரயில் நிலையத்தில் வண்டி வருவதை அறிவிப்பார்களே, அந்த மாதிரி, யார் மேலும் பிரியமோ கோபமோ இல்லாத குரல். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான்கு டிபன் பாக்ஸ், நடுவில் ஒரு பாம்பு ஏணி அட்டை. சாரின் காய் ஐம்பத்திரண்டில் நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டும் நான்கும் ஐம்பத்தாறு. அதைக் கூட்டிப் பார்க்க ஒன்றாம் வகுப்பு போதும். ஐம்பத்தாறில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த பாம்பின் வால் எட்டாம் கட்டத்தில் போய் முடிந்தது. எனக்கு வாயில் வைத்த சோறு தொண்டையில் இறங்கவில்லை. விளையாட்டில் ஒருவரைப் பாம்பு கடித்ததற்கு இவளுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். போகிறேன். இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுடையது திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். கோப்பும் முத்திரையும் மின்விசிறிச் சத்தமும் எல்லாத் துறையிலும் ஒன்றுதான். நான் தாடிக்கொம்புக்காரி. அப்பாவுக்குப் பூ விவசாயம். தேர்வு எழுதி உதவியாளராக இங்கே வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் அறுபது வயது. ஆபரேட்டர் சார் அதற்கு முன்பே பல வருடமாக அங்கே இருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. வெளியிலிருந்து வருகிற தொலைபேசி அழைப்புகளை வாங்கி அந்தந்தப் பிரிவுக்குப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. குஜிலியம்பாறைப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். ஐந்து வயதில் அம்மை வந்து பார்வை போய்விட்டது. தினமும் பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். காலையில் அவருடைய கோல் படியில் தட்டுகிற சத்தம் கேட்டால், மணியைப் பார்க்காமலே ஒன்பதே முக்கால் என்று எழுதிவிடலாம். அலுவலகத்தின் அத்தனை எண்களும் அவருக்கு மனப்பாடம். மாவட்டத்தின் மற்ற அலுவலகங்களுடைய எண்களும் சேர்த்து. ஒரு தடவை குரலைக் கேட்டால் அடுத்த தடவை பேரைச் சொல்லி வணக்கம் வைப்பார்.

விளையாட்டை ஆரம்பித்து வைத்தது தபால் அக்கா. அனுப்புகைப் பிரிவில் கடிதங்களுக்கு எண் போட்டு ஒட்டி அனுப்புகிறவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். மகனுக்கு வாங்கிக் கொடுத்த பாம்பு ஏணி அட்டையை அவன் சீண்டவே இல்லை என்று ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். கூட ஆடினது ஜீப் டிரைவர் அண்ணன். சாப்பிட்டுக்கொண்டே இருபது நிமிடம் ஆடுவோம். காய்க்குப் பதிலாக அரக்குத் துண்டு அக்காவுக்கு, சோடா மூடி டிரைவருக்கு, புளியங்கொட்டை எனக்கு, சட்டைப் பொத்தான் சாருக்கு. முதல் நாளே சார், "செத்த நேரம் பொறுங்க, அட்டையில என்னென்ன எங்கெங்க இருக்குன்னு ஒரு தடவ சொல்லுங்க" என்றார். அக்கா எல்லாப் பாம்பையும் ஏணியையும் தலையும் காலுமாக வாசித்தார். ஒரே தடவைதான். அதற்குப் பிறகு அட்டை முழுவதும் சாரின் தலைக்குள் இருந்தது. நாலு பேருடைய காயும் எங்கே நிற்கிறது என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்போம்.

ஆரம்பத்தில் அவர் பகடையைப் போட்டுவிட்டு, மேலே இருக்கிற புள்ளிகளை விரல் நுனியால் தடவி எண்ணுவார். அது சல்லிசான பிளாஸ்டிக் பகடை, காற்றடித்தாலே புரளும். ஒரு நாள் அவர் விரல் பட்டு அது லேசாகப் புரண்டு ஆறாகிவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "அடேங்கப்பா, சார் விரல்லயே ஒரு உருட்டு உருட்டிட்டாரு, ஆறு வந்துருச்சு!" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் பகடையைப் போட்டவுடன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார் என் பக்கம் திரும்பி. அதன் பிறகு அந்தப் பகடையின் புள்ளியை அவர் தொட்டதே கிடையாது. நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னதுக்கு மன்னிப்பா என்று விட்டுவிட்டேன்.

பொய் எப்படித் தொடங்கியது என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை ஒரு அழைப்பு நடுவில் துண்டிக்கப்பட்டுப் போனதற்கு மேலதிகாரி ஒருவர் சாரின் அறை வாசலில் நின்று கத்திவிட்டார். லைன் கோளாறு, இவர் தப்பே இல்லை. மத்தியானம் சார் சாப்பாட்டைப் பிசைந்தாரே தவிர சாப்பிடவில்லை. முகம் விழுந்து கிடந்தது. ஆட்டத்தில் ஐம்பத்து நான்கில் இருந்தார். பகடை போட்டார். இரண்டு விழுந்தது. இந்த மனுசனை இன்றைக்குப் பாம்பு வேறு கடிக்க வேண்டுமா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். "மூணு சார்" என்றேன். டிரைவர் அண்ணன் பகடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொத்தானை எடுத்து ஐம்பத்தேழில் வைத்தார். தபால் அக்கா தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அன்று சார்தான் ஜெயித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் நீங்களும் என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அவர் அறைக்குப் போய் வேலையைத் தொடங்கினார். சாயங்காலம் வரை போனை எடுத்தவர்கள் எல்லோரும், "என்ன, ஆபரேட்டர் சார் இன்னைக்கு ஜெயிச்சுட்டாரா?" என்று கேட்டார்கள். அவர் சொல்கிற வணக்கத்தில் அப்படி ஒரு உற்சாகம். இரண்டாம் மாடியில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஒரு சின்ன எண்ணை மாற்றிச் சொல்வதில் ஒரு மனிதருக்கு அம்புட்டு சந்தோஷம் என்றால் சொல்லிவிட்டுப் போவோமே என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன். தினமும் ஜெயிக்க வைத்தால் சந்தேகம் வரும் என்று வாரத்தில் இரண்டு நாள் தோற்கவிடுவேன். சின்னப் பாம்புகள் கடிக்கும்போது விட்டுவிடுவேன். ஐம்பத்தாறில் மட்டும் விடமாட்டேன். மற்ற இருவரும் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஒருநாள்கூட நாங்கள் மூவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் மூவருமே நினைத்திருந்தோம். ஏழு வருடம் இப்படியே ஓடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாருக்கு வருகிற காகிதங்களை எல்லாம் நான்தான் வாசிப்பேன். அவர் மகளின் கல்லூரியிலிருந்து வந்த கடிதம், வீட்டு மனைப் பட்டா, ஆபீஸ் படிவங்கள், அவர் மனைவி வயிற்று வலியென்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் அறிக்கை, எல்லாம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைக் கொண்டு வைத்ததும் நான்தான். "தங்கச்சி வாசிச்சா நானே பாத்த மாதிரி" என்று ஊரில் சொல்வாராம். அவர் மனைவி ஒரு முறை வந்தபோது இதைச் சொல்லிவிட்டு, சாக்கு நிறைய நிலக்கடலை கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதங்களில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றி வாசித்ததில்லை. காகிதம் வேறு, விளையாட்டு வேறு என்று எனக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோடு எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

பிறகுதான் போன் வந்தது. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த மகள் வாங்கிக் கொடுத்தாள். திரையில் விரல் வைக்கிற இடத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஏற்பாடு அதில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை சார் சாப்பாட்டு மேசைக்கு வந்து, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே போனை எடுத்தார். "இதைப் பாருங்க" என்று ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே கட்டை உருள்கிற சத்தம் கடகடவென்று கேட்டது, போன் ஓர் அதிர்வு அதிர்ந்தது, அந்தப் பெண் குரல் "ஐந்து" என்றது. பகடை உருட்டுகிற ஆப். மகளிடம் கேட்டுத் தேடி வாங்கிப் போட்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "இம்புட்டு வருசமா எனக்காகக் கழுத்த வளைச்சு வளைச்சுப் பாத்துச் சொன்னீங்க. இனிமே நிம்மதியாச் சாப்புடுங்கம்மா" என்றார். தபால் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் அண்ணன்தான் சமாளித்தார்: "அண்ணே, போன்ல பேசுற இந்தம்மா ரொம்பக் கறாரான ஆளா இருக்கும் போல, பாத்து!"

கறார்தான். திங்கள் தோற்றார், செவ்வாய் தோற்றார். புதன்கிழமை டிரைவர் அண்ணன் ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் சார் போனை எங்களிடம் நீட்டி எங்களையும் அதிலேயே உருட்டச் சொல்வார். பழைய பகடை அக்காவின் மேசை டிராயருக்குப் போய்விட்டது. தோற்றாலும் அவருக்குச் சந்தோஷம் குறையவில்லை. தானே உருட்டி, தானே கேட்டு, தானே எண்ணுகிற சந்தோஷம். அதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒன்றும் ஆகாது, இப்படியே போய்விடும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை, ஐம்பத்திரண்டில் இருக்கும்போது, "நான்கு" விழுந்தது.

டிரைவர் அண்ணன் பொத்தானை மெதுவாகக் கீழே இறக்கினார். "எட்டுக்கா?" என்று கேட்டார் சார். "ஆமாண்ணே, எட்டு." சார் இடது கை விரல்களில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, யாரையும் குற்றம் சொல்கிற தொனியில்லாமல், தனக்குத்தானே ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி, "ஏழு வருசம். உங்க எல்லாரையும் இந்தப் பாம்பு எத்தனையோ தடவ கடிச்சிருக்கு. என்னைய ஒரு தடவகூடக் கடிச்சதில்லையேம்மா" என்றார். அக்கா, "அது உங்க அதிர்ஷ்டம் சார்" என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினார். சாரின் முகம் நான் இருந்த பக்கம் திரும்பியது. அப்போதுகூட ஒரு பொய் சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் பழக்கமாயிற்றே. வாய் வரவில்லை. காதை வைத்தே பிழைக்கிற மனுசருக்கு நான் பேசாமல் இருந்ததே போதும். "மூணு பேரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றார். போனைப் பையில் போட்டார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார், டிபன் பாக்ஸைக் கழுவினார், கோலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து சாப்பாடு அவர் அறையிலேயே.

அடுத்த வாரம் ஒரு கோப்பை நகல் எடுக்க எதிர்க் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் சார் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய மஞ்சள் பை. கடைக்காரத் தம்பி ஒரு காகிதத்தைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். ஸ்கேன் அறிக்கை. அவர் மனைவியுடையது. பல வருடத்துக்கு முன் நான் வாசித்துக் காட்டியது. அது முடிந்ததும் பட்டா, அதற்குப் பிறகு கல்லூரிக் கடிதம். நான் வாசித்த அத்தனையையும் இன்னொரு வாயால் கேட்டு ஒத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. பயம் இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவமானம். அதைவிடப் பெரிதாக ஒரு துக்கம். அந்தக் காகிதங்களில் நான் பொய் சொன்னதில்லை என்று சத்தியம் பண்ணலாம். அந்தச் சத்தியமும் இதே வாயிலிருந்துதானே வர வேண்டும்? மெஷின் சத்தத்தில் நான் வந்தது அவருக்குக் கேட்டிருக்காது. "எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு" என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். நான் நகல் எடுக்காமலே திரும்பி வந்தேன்.

அன்று மாலையே அவர் அறைக்குப் போனேன். "சார், மன்னிச்சிருங்க. கெட்ட எண்ணத்துல செய்யல. அன்னைக்கு உங்க முகத்தப் பாத்து, பாவமேன்னு..." என்றேன். "அதத்தாம்மா தாங்க முடியல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பாம்பு கடிச்சா எட்டுக்குப் போயிருப்பேன். எட்டுல இருந்து ஏறி வர எனக்குத் தெரியாதா? என் பொழப்பே அதான? நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு வீட்டுல போயிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுல எது நெசம், எது நீங்க போட்டதுன்னு இப்ப எனக்குத் தெரியல. உங்களுக்காவது தெரியுமா?" எனக்கும் தெரியவில்லை. ஏழு வருடத்தில் எந்த மூன்று உண்மையான மூன்று என்று யார் எழுதி வைத்தார்கள்? போன் அடித்தது. எடுத்து "வணக்கம்" என்றார். மேடும் பள்ளமும் இல்லாத வணக்கம். நான் வெளியே வந்து பெண்கள் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் என்னிடம் ஒரு காகிதமும் கொண்டுவரவில்லை. பேசாமல் இருக்கவில்லை, வழியில் என் குரல் கேட்டால் "நல்லாருக்கீங்களாம்மா?" என்பார், அம்மா அப்பாவைக் கேட்பார். அந்த மரியாதை என்னை இன்னும் அதிகமாகக் குத்தியது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுதுவிட்டுப் போகலாம். நலம் விசாரித்தால் என்ன செய்வது? ஆபீஸ் சுற்றறிக்கைகளை டிரைவர் அண்ணன் திக்கித் திக்கி அவருக்கு வாசித்தார். "தங்கச்சி, உன் வேலைய என் தலையில கட்டிட்டியே. 'மேற்படி'ங்கிற வார்த்தையப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருது" என்று என்னிடம் புலம்புவார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அட்டையை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஒரு நாள் ஆசையில் என் போனிலும் அதே ஆப்பைப் போட்டேன். குலுக்கினால் அதே குரல். வீட்டில் கணவரோடு ஓர் ஆட்டம் ஆடினேன். விழுந்தது விழுந்தபடி சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. எனக்கு இந்தக் குணம் ஏன் வாய்க்கவில்லை என்று ஆற்றாமையாக இருந்தது.

சாரின் ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்கான ஓய்வு உத்தரவு வந்தது. மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கோலின் சத்தம் மாடிப்படிக்குக் கீழே நிற்காமல் எங்கள் பிரிவுக்குள் வந்தது. என் மேசையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உறையை நீட்டி, "வாசிங்கம்மா" என்றார். பிரித்தேன். முதல் பத்தி வழக்கமானது: இன்ன தேதியில் ஓய்வு, இத்தனை ஆண்டுப் பணி. இரண்டாம் பத்திக்குக் கண் முன்கூட்டியே ஓடிவிட்டது. தானியங்கித் தொலைபேசி வசதி செய்யப்பட்டுவிட்டபடியால், இவர் ஓய்வு பெறும் நாள் முதல் இந்தப் பணியிடம் தேவையற்றது எனக் கருதி ரத்து செய்யப்படுகிறது. தேவையற்றது. இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? விட்டுவிடலாம். "பணியிடம் ரத்து செய்யப்படுகிறது" என்று வாசித்தால் பொய்கூட இல்லை, ஒரு சொல் குறைவு, அவ்வளவுதான். மூன்று என்று சொல்ல ஒரு நொடி போதுமாயிருந்த அந்த நாக்கு, தயாராகத்தான் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு, எழுதியிருந்தபடியே, "தேவையற்றது எனக் கருதி" என்று வாசித்தேன். அதோடு நிறுத்தாமல் முத்திரை, கையெழுத்து, நகல் யார் யாருக்கு என்பது வரை வாசித்து முடித்தேன்.

அவர் கையை நீட்டித் தாளை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு சிரித்தார். "நேத்து சாயங்காலமே போன்ல படம் புடிச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன்ம்மா. அதுல அதுக்குன்னு ஒரு ஆப்பு இருக்கு. பாதி தப்பும் தவறுமா வாசிச்சுது, ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் சுத்தமாச் சொல்லிருச்சு."

"தெரிஞ்சுதான் என்கிட்ட கொண்டுவந்தீங்களா சார்?"

"ஆமா. அந்த போனுக்கு மறைக்கத் தெரியாது, அதனால சொல்லிருச்சு. அதுல என்ன இருக்கு? உங்களுக்கு மறைக்கத் தெரியும். தெரிஞ்சும் இன்னைக்கு மறைக்கல." எழுந்து கோலை எடுத்துக்கொண்டார். "வீட்டுல ஒரு வருசத்துக் கடுதாசி சேந்து கெடக்கு. போன்ல வாசிச்சாச்சு, மனசு ஒப்பல. நாளைக்கு எடுத்துக்கிட்டு வாரேன், வாசிச்சுக் குடுங்க."

பேச முடியாமல் சரி சரி என்று தலையை ஆட்டினேன். அது அவருக்குத் தெரியாதே என்று நினைவு வந்ததும் வாயைத் திறந்து, "கொண்டாங்க சார்" என்று சத்தமாகச் சொன்னேன்.